படையலில் ஒரு ரூட் பியர்

அம்மாவின் எட்டுச்செலவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தோம். டென்மார்க்கில் யாருடைய எட்டும் எட்டாம் நாளில் வருவதில்லை. எரித்த பிறகு எந்த ஞாயிறு முதலில் வருகிறதோ அதுதான் எட்டு. மற்ற நாட்களில் எல்லோருக்கும் வேலை. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு, பிறகு எல்லோரும் இருந்து சாப்பிட்டு எழும்ப வேண்டும். மீன் இறைச்சி என்ற மச்சம், சாராயம், சுருட்டு, எதுவும் விலக்கில்லை. செத்தவரின் நாக்குக்கு உரிய கடைசி நாள் அது.

என்னென்ன சமைப்பது என்ற பேச்சு வியாழக்கிழமை பின்னேரம், ஒடென்சேயில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் எழுந்தது. அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, இஷொயிலிருந்து வந்து அடுப்பைப் பொறுப்பெடுத்திருந்தார். அப்பாவின் அக்கா, என் மாமி, எஸ்பியர்க்கிலிருந்து வந்து முறைகளைப் பொறுப்பெடுத்திருந்தார். அப்பா சுவரோரக் கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட அங்கே வைக்கப்பட்டிருந்தார் என்று சொல்லலாம்.

"அக்காவுக்குக் கணவாய்க் கறி எண்டால் உயிர்," என்றார் சின்னம்மா.

"கணவாய் வைப்பம். முருங்கைக்காயும் வைப்பம். கடையிலை ஐஸிலை கிடக்கும்," என்றார் மாமி. "வேறை என்ன? தம்பி, நீ சொல்லன். பெண்டிலுக்கு என்ன பிடிக்கும் எண்டு புருசனுக்குத் தெரியாதோ?"

அப்பா கேட்காதது போல இருந்தார். பிறகு சொன்னார்.

"ரூட் பியர்."

அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

"என்னது? பியரோ?"

"அது ஒரு சோடா, மாமி," என்றேன்.

"சோடா எண்டால் கடையிலை கிடக்கும் தானே. வாங்கிக்கொண்டு வாவன்."

"இப்ப அது வாறதில்லை. நிப்பாட்டிப் போட்டினம்."

"அப்ப கோலா ஒண்டு வைப்பம். ரெண்டும் கறுப்புத் தானே."

அப்பா மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "அது வந்தால் நான் இருந்து சாப்பிடுறன்."

அம்மா மூளையில் இரத்தம் உறைந்து விழுந்த நாளிலிருந்து அப்பாவின் தொண்டைக்குள் தேத்தண்ணியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம். வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்துப்போய் இருப்பார். இரண்டு தரம் நான் பிடித்துக் கட்டிலில் கிடத்தி, வாய்க்குள் சீனித்தண்ணி ஊற்றியிருந்தேன். எட்டுச்செலவில் கணவன் சாப்பிடாமல் எழும்பினால் அந்தப் படையல் என்ன படையல் என்று மாமி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சப்பாத்துப் போடும்போது மாமி பின்னால் வந்தார்.

"மருமோன், உந்தச் சாமானை எங்கையெண்டாலும் தேடிப் பிடி. அவன் இப்பிடியே கிடந்தானெண்டால் அடுத்த எட்டு அவன்ரைதான்."

ஓம் மாமி என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் வெகு முன்னால். அதனால் எதையாவது வாசிக்க, எழுத, தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அது சிறு வயதிலிருந்தே என் வேலை. செத்தவீட்டு அலுவல்களையும் அப்படித்தான் செய்தேன். பெட்டி தெரிந்தெடுத்தேன், மண்டபத்துக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு சொண்டு இருக்கிற இடம் தெரிந்தும் தெரியாமலும் இருக்குமே, அப்படி இருந்தது. தட்டிப் பார்த்தால் தட்டுகிற விரலுக்குத்தான் தெரியும்.

அந்த ரூட் பியரின் சரித்திரம் எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் போவதற்கு முன் படிக்கிற ஜிம்னாசியத்தில், உள்ளூர்த் தொழில் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அம்மா வேலை செய்த சோடா ஆலையைப் பற்றி எழுதினேன். ஆலையின் சொந்தக்காரரிடம் போய்க் கேள்விகள் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அடிக்குறிப்புகளோடு.

அவர் இளவயதில் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கிப் படித்தவர். அங்கே குடித்த ரூட் பியர் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. வேர்களையும் பட்டைகளையும் வைத்து அந்தக் காலத்தில் வீடுகளில் காய்ச்சிய பானம் அது. பெயரில்தான் பியர், குடித்தால் வெறிக்காது. டென்மார்க்கில் யாருக்கும் அதைத் தெரியாது. ஒடென்சேக்கு வெளியே ஒரு கிராமத்தில் மூடிக்கிடந்த பாற்பண்ணைக் கட்டடத்தை வாங்கி, முதலில் அப்பிள் சாறு போட்டார், பிறகு பூச்சாறு போட்டார். அவை விற்றன. அந்த இலாபத்தில் தன் ஆசைக்கு ரூட் பியர் போட்டார். அமெரிக்காவிலிருந்து சாரம் வரும். தண்ணீரும் சீனியும் காஸும் இங்கே சேரும். மண்ணிறப் போத்தல், அதில் கிளை பிரிந்து இறங்குகிற ஒரு வேரின் படம், மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ரூட் பியர்.

டெனிஷ்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, பற்பசை போல இருக்கிறது என்று மரியாதையாகக் கீழே வைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, நோவெண்ணெய் மணக்குது என்று மிச்சத்தையும் குடித்தார்கள். ரூட் பியருக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற இலையெண்ணெயும், மூட்டு நோவுக்குப் பூசுகிற தைலத்தில் இருக்கிறதும் ஒன்றுதான் என்று பிறகு வாசித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மருந்து மணக்கிறது, எனவே உடம்புக்கு நல்லது.

அம்மாவுக்கு லேபிள் ஒட்டுகிற மெஷினில் வேலை. லேபிள் கோணலாக ஒட்டுப்பட்ட போத்தல்களை விற்க முடியாது. வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டு போகலாம். அப்படித்தான் முதல் போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ரூட்... பியர். ஓ, ரூட்டிலை ஓடுற ஆக்களுக்கெண்டு செய்யிற பியர். வெறிக்காதாக்கும்."

இலங்கையில் பஸ் ஓடுகிற வழிக்கு ரூட் என்றுதான் சொல்வார்கள். அப்பாவுக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. அப்போது அவர் முதியோர் இல்லங்களுக்குச் சலவைத்துணி கொண்டுபோகிற வான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அது வேர். படத்தைப் பாருங்கோ, வேர் கீறிக் கிடக்கு," என்றார் அம்மா.

"உது வேரில்லையப்பா, ரோட்டு மேப். இந்தா, உது பெரிய ரோட்டு. உதிலையிருந்து பிரியிறதெல்லாம் குச்சொழுங்கை."

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் தொடங்கியிருந்தது. "அப்பா, ரூட் எண்டால் வேர்தான்," என்றேன்.

"நீ இங்கிலீசு படிக்கிறாய். நான் ரூட்டிலை ஓடுறன். ஆருக்குத் தெரியும்?"

அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது, படம் வாசிக்க வரும். அப்பாவுக்கு எழுத்து வாசிக்க வந்ததால் படத்தை நம்பவில்லை. அவர்கள் இருவரும் அந்தச் சண்டையைப் பல வருடங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அது சண்டையில்லை என்று இப்போது தெரிகிறது.

சாரதிகளுக்கென்றே செய்த பானம் என்பதால், அம்மா மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு போத்தலையும் கட்டிக் கொடுப்பார். அப்பா முதியோர் இல்லத்து வாசலில் வானை நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்து, மண்ணிறப் போத்தலை அண்ணாந்து குடிப்பார். உள்ளேயிருந்து பார்த்தவர்கள் சலவைக் கம்பனிக்குப் போன் எடுத்து, உங்கள் சாரதி வானுக்குள் பியர் குடிக்கிறார் என்று சொன்னார்கள். கம்பனியிலிருந்து ஆள் வந்தார். அப்பா ஒளிக்கவில்லை. போத்தலைத் தூக்கிக் காட்டி, "இது சாரதிகளுக்கான பியர்," என்று தனக்குத் தெரிந்த டெனிஷில் விளங்கப்படுத்தினார். வந்தவர் குழாயை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் கம்பனியிலிருந்து சோடா ஆலைக்கு ஒரு முறைப்பாடு போனது. அடுத்த முறை அச்சடித்த லேபிளில் 'அல்கஹோல்ஃப்ரி', அதாவது மது இல்லாதது என்ற டெனிஷ் சொல், வேரைவிடப் பெரிதாக வந்தது. என் ஜிம்னாசியக் கட்டுரையில் 'பாவனையாளர் ஒருவரைப் பற்றிய முறைப்பாட்டை அடுத்து லேபிள் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி உண்டு. அது அப்பா.

பிறகு சில நல்ல வருடங்கள். டெனிஷ்காரர் வாங்காததை ஒடென்சேத் தமிழ்க் கடைகள் வாங்கின. பிறந்தநாள், சாமத்தியவீடு எல்லாவற்றிலும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். மூன்று தரம் சாப்பிட்ட பெரியவர்கள் சமிபாட்டுக்கு ஒன்று கேட்டு வாங்குவார்கள். தன் அமெரிக்கச் சோடாவை ஏன் இந்த மக்கள் மட்டும் குடிக்கிறார்கள் என்று முதலாளிக்கு விளங்கவே இல்லை. பேட்டியில் என்னிடமே கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நோவெண்ணெய்க்கு டெனிஷில் என்ன சொல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவருக்கு வயது போக, ஆலையை ஒரு பெரிய பானக் கம்பனிக்கு விற்றார். அவர்கள் போத்தலை விட்டுத் தகர ரின்னில் அடைத்தார்கள். அந்த இலை மணத்தை எடுத்துவிட்டு வனிலாவைக் கூட்டினார்கள். பற்பசைக்குப் பயந்த டெனிஷ்காரர் அப்போதும் வாங்கவில்லை. நோவெண்ணெய் போனதால் எங்கள் ஆட்களும் விட்டார்கள். கொஞ்சக் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். பாற்பண்ணைக் கட்டடம் திரும்பவும் மூடியது. அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் குசினிக்கு வேலைக்குப் போனார். அங்கேதான் விழுந்தார்.

வியாழன் இரவும் வெள்ளி முழுவதும் தேடினேன். ஒடென்சேயில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கு எடுத்தேன். "தம்பி, அதை ஆர் இப்ப வைச்சிருக்கினம்? இஞ்சி பியர் இருக்கு, தரட்டோ?" என்றார் ஒருவர். பழைய சாமான் விற்கும் இணையத்தளத்தில் வெறும் போத்தல்களும் ஒரு மரப்பெட்டியும் கிடந்தன. பெரிய கம்பனிக்கு எழுதினேன். எங்கள் பொருளில் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. சின்னம்மா தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் குரல் செய்தி அனுப்பினார். யாருடைய நிலவறையிலும் ஒரு போத்தல் இல்லை. இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் வரையில் எனக்கு நல்லாயிருந்தது. நல்லாயிருந்தது என்று சொல்லக்கூடாது. வேறொன்றும் இல்லாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை பழைய முதலாளிக்கு எடுத்தேன். கெர்டெமின்டவில், கடலோரமாக இருந்தார். வரச் சொன்னார்.

கதவைத் திறந்தவர் நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். கோப்பி ஊற்றினார். விசயத்தைச் சொன்னேன். டெனிஷில் படையல் என்ற சொல்லுக்கு வழியில்லாமல், "அம்மாவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததை வைப்போம், பிறகு நாங்கள் சாப்பிடுவோம்," என்றேன்.

"முதலில் அவர், பிறகு நீங்கள்."

"ஓம்."

"நல்ல ஒழுங்கு," என்றார். கொஞ்சம் யோசித்தார். "உன் அம்மா, லேபிள் மெஷினில் நின்றவர்தானே? பெரிய சிரிப்புச் சிரிப்பாரே, அவரா? மெஷின் நின்றால் அதைத் தட்டித் தட்டி உங்கள் மொழியில் பேசுவார். கட்டடம் முழுக்கக் கேட்கும்."

அந்த மெஷினில் இரண்டு தமிழ்ப் பெண்கள் வேலை செய்தார்கள். அம்மா வீட்டில் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்தால் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். முதலாளி மற்றப் பெண்ணை நினைத்துச் சொல்கிறாரா, அல்லது அம்மா அங்கே அப்படி ஒரு ஆளாக இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

"யா," என்றேன். ஓம், அவர்தான்.

"என்னிடம் ஒன்று இருக்கிறது," என்றார்.

படியின் கீழே இருந்த அறைக்குள் போய், கனநேரம் எதையெதையோ நகர்த்திவிட்டு, தூசு படிந்த ஒரு மண்ணிறப் போத்தலோடு வந்தார். முதன்முதலில் போட்ட தொகுதியில் ஒன்று. மூடி கறள் பிடித்திருந்தது. தேநீர்த் துணியால் துடைத்தார். துடைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"இது காலாவதியாகி எத்தனையோ வருடம். குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது."

"ஒரு வாய்தான் குடிப்போம்."

"எனக்கும் இது ஒன்றுதான் மிச்சம்."

தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று எழும்பவும் முடியவில்லை. வெளியே கடல் சாம்பல் நிறமாக, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. அவர் போத்தலை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என் முன்னால் வைத்தார்.

"வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வந்து தா. அது போதும்."

காரில் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக் கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலையில் வீடு முழுக்கக் கணவாய் மணந்தது. வாழையிலைகள் காருக்குள் குளிரில் கிடந்து ஓரம் கறுத்திருந்தன. சின்னம்மா கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி நேராக்கினார். அம்மாவின் படம் முன்னறையில், மாலையோடு. அப்பா வேட்டி கட்டி, படத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் போத்தலைக் கொண்டுவந்து இலையின் வலப்பக்கம் வைத்தேன். அப்பா அதைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தி இருந்தார்.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு? பியர் எண்டெல்லோ கிடக்கு!"

"சோடா மாமி. பேர்தான் அப்பிடி."

"மருமோன், எனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியாது எண்டு நினைக்காதை. வெறியில்லாத பியரிலை அல்கஹோல்ஃப்ரி எண்டு போட்டிருப்பாங்கள். எங்கட எஸ்பியர்க் கடையிலை நான் பாத்திருக்கிறன். உதிலை எங்கை கிடக்கு, காட்டு பாப்பம்?"

அதில் அது இல்லை. அந்தச் சொல் அப்பாவின் வானுக்குப் பிறகு வந்தது. என் கையில் இருந்தது அதற்கு முந்தைய லேபிள்.

"மாமி, முதல் போட்ட போத்தில் இது. பேந்துதான் அப்பிடி எழுதினவை. அப்பா வானுக்குள்ளை கொண்டு திரிஞ்சு குடிச்சதாலைதான்..."

"உன்ர அப்பரை உதுக்குள்ளை இழுக்காதை. ஒரு பொம்பிளையின்ர படையலிலை பியர்ப் போத்தில்! பின்னேரம் சனம் வரப்போகுது. நாளைக்கு எஸ்பியர்க் முழுக்க என்ன கதைப்பினம் தெரியுமோ? அவன்ர பெண்டில் பியர் குடிச்சவவாம், அதாலைதான் மூளை அடைச்சதாம். செத்தவளுக்கு வாய் இருக்கே, வந்து இல்லையெண்டு சொல்ல?"

அவர் அம்மாவுக்காகத்தான் பேசினார். அது எனக்கு விளங்கியது. அவ்வளவு படித்தும் நோவெண்ணெய், வேர், ரூட் என்று மூன்று சொல்தான் வாயில் கிடந்தது.

"மச்சாள், செம்பிலை ஊத்தி வைப்பமே? ஆருக்கும் தெரியாது," என்றார் சின்னம்மா.

"ஓம், அது சரி. செம்பிலை ஊத்து. போத்திலை எடுத்துக் குப்பையிலை..."

"போத்திலோடை வை," என்றார் அப்பா.

மாமி திரும்பினார். "தம்பி, ஊர் உலகம் பாக்கும்..."

"போத்திலோடை வை அக்கா. அவ ஒட்டின லேபிள்."

அது அம்மா ஒட்டிய லேபிள்தானா என்று யாருக்கும் தெரியாது. மற்றப் பெண் ஒட்டியதாகவும் இருக்கலாம். நான் குனிந்து பார்த்தேன், நேராகத்தான் ஒட்டியிருந்தது. மாமி கண்ணாடியைக் கழற்றிச் சீலையில் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு சின்னக் குரலில், "அப்ப அந்த எழுத்தையாவது மற்றப் பக்கம் திருப்பி வை, மோனை," என்றார்.

எழுத்தை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தேன். வாசிக்கத் தெரியாதவரின் பக்கம்.

மூடியைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. எல்லோரும் அந்த 'ஸ்' என்ற சத்தத்துக்குக் காத்திருந்தது, அது வராதபோதுதான் தெரிந்தது. "காஸ் போயிட்டுது," என்று சின்னம்மா மெல்லச் சொன்னார். சாம்பிராணி காட்டி, சூடம் கொளுத்தி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நடையில், சப்பாத்துகளுக்கு நடுவில் நின்றோம். உள்ளே அம்மா வந்து சாப்பிட வேண்டிய நேரம். நான் கதவின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தூசு உறிஞ்சுகிற மெஷினைப் போட்டார்கள்.

பிறகு மாமி கதவைத் திறந்தார்.

வரிசையாக இலை போட்டு எல்லோரும் இருந்தார்கள், பரிமாற நான் நின்றேன். முதலில் அப்பா சாப்பிட வேண்டும். மற்றவர்கள் கை வைக்காமல் பார்த்திருந்தார்கள். நான் படையலில் இருந்த போத்தலை எடுத்து ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றினேன். நுரையில்லை. கறுப்புத் தேத்தண்ணி போல இறங்கியது. மணம் மட்டும் போகவில்லை. நோவெண்ணெய் பூசிய கையிலிருந்து வருவது போல எழும்பியது. அப்பா கிளாசை வாங்கி, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடினார். அழப்போகிறார் என்று நினைத்து சின்னம்மா பக்கத்தில் நகர்ந்தார்.

"எனக்கு உந்தக் கோதாரி ஒருநாளும் பிடிக்கேல்லை," என்றார் அப்பா.

"என்னடா சொல்லுறாய்?" என்றார் மாமி.

"பிடிக்கேல்லை எண்டு சொல்லுறன். ஒரு நாளும். வயித்தைப் பிரட்டும்."

"பேந்து ஏனடா இவ்வளவு காலமும் குடிச்சனி? வானுக்குள்ளையும் கொண்டு திரிஞ்சியாமே!"

"அவ கட்டித் தருவா. லேபிள் கோணினதுகளுக்குள்ளை நல்லதாப் பாத்து எடுத்துக்கொண்டு வருவா, எனக்கெண்டு. என்னெண்டு வேண்டாம் எண்டுறது?" வாயைத் துண்டால் துடைத்தார். "அவவுக்குத் தெரியாது."

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்தபடியே அழுதார். மாமி, "விசரன், முழு விசரன்," என்று சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். பிறகு தானும் கிளாசை நீட்டி, "எனக்கும் ஒரு சொட்டு விடு, என்னதான் எண்டு பாப்பம்," என்றார். ஊற்றினேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது முழங்காலுக்குப் பூசுறதெல்லோ," என்று கீழே வைத்தார்.

அப்பா இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சோத்தைப் போடு," என்றார் என்னைப் பார்த்து.

போட்டேன். கணவாய்க் கறியை அதன்மேல் விட்டேன். அவர் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார், மென்றார், விழுங்கினார். அடுத்ததை எடுத்தார். மாமி அதைப் பார்த்த பிறகுதான் தன் இலையில் கை வைத்தார். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அகப்பையைப் பிடித்தபடி அப்பாவின் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த இடம் வெறுமையாகிறதோ அந்த இடத்தில் போட்டேன்.